பழைய திரைப்பாடல் மறுவெளியீடுகளும் தொகுப்புகளும்: எந்தப் பிரதியை நம்பி வாங்குவது?

#1 சுருதிப்பெட்டி

1955-க்கும் 1985-க்கும் இடைப்பட்ட தமிழ்த் திரைப்பாடல்களை நல்ல தரத்தில் சேர்த்து வைக்க வேண்டும். பாட்டு கிடைக்காமல் இல்லை, அளவுக்கு மீறிக் கிடைப்பதுதான் சிக்கல். அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த டி.எம்.எஸ். – சுசீலா பாட்டு ஒன்று மூன்று தொகுப்பு சிடிகளில் இருக்கிறது, மூன்றிலும் நீளம் வேறு: 3:26, 3:55, 4:05. 3:26-இன் உறையில் 'ஸ்டீரியோ' என்று போட்டிருக்கிறார்கள். 3:55 பளிச்சென்று இருக்கிறது. 4:05 மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறது. இதில் எது மூலம்? தொகுப்பு வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? புதிதாக வரும் எல்.பி. இசைத்தட்டு மறுபதிப்புகளுக்குப் பணம் போடலாமா?

#2 இசைத்தட்டு மணி

மூன்று நீளங்களையும் முதலில் விநாடியாக்குங்கள். 4:05 என்பது 245 விநாடி. அதை 0.96-ஆல் பெருக்கினால் 235, அதாவது 3:55. இது தற்செயலாக வந்த கணக்கு அல்ல. திரைப்படம் விநாடிக்கு 24 சட்டங்கள் (ஃப்ரேம்) ஓடும். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான விசிடி, டிவிடிக்கு மாற்றும்போது அதையே 25 சட்டமாக ஓட்டிவிடுவார்கள். படமும் பாட்டும் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் வேகம் கூடும், சுருதி 70 சென்ட் (அரைச் சுரத்தை நூறாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறும். நம் கணக்கில் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரையை எட்டிப் பிடிக்கிறார். உங்கள் காதுக்கு 3:55 'பளிச்' என்று பட்டதற்கு இந்த ஏற்றமும் ஒரு காரணம். டி.எம்.எஸ். குரலின் கனம் குறைந்து, வயது பத்து இறங்கியதுபோல் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

ஆக 3:55-உம் 4:05-உம் ஒரே சரக்கு, இரண்டும் படத்திலிருந்து எடுத்தவை. 3:26 இசைத்தட்டு வடிவம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் 10 அங்குலத் தட்டில் (78 தட்டு) ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றேகால் நிமிடம், இழுத்துப் பிடித்தால் மூன்றரை. பாட்டு அதற்கு மேல் போனால் ஒன்று இரண்டு பக்கமாகப் பிரிப்பார்கள், அல்லது இடையிசையைச் சுருக்குவார்கள், அல்லது ஒரு சரணத்தை எடுத்துவிடுவார்கள். பிறகு வந்த, 45 சுழற்சியில் ஓடும் 7 அங்குல இ.பி. தட்டில் பக்கத்துக்கு இரண்டு பாட்டு, மொத்தம் நான்கு. அங்கும் பக்கத்துக்கு ஏழு நிமிடத்தைத் தாண்டினால் வரிப்பள்ளங்களை நெருக்க வேண்டும், ஒலி அளவைக் குறைக்க வேண்டும். அதனால் 78-க்கு என்று சுருக்கிய வடிவமே இ.பி.க்கும் போயிருக்கும்.

எது மூலம் என்று கேட்டீர்கள். இரண்டுமே மூலம்தான். தட்டுக்கு என்று தனியாகப் பாடிப் பதிவு செய்த பாடல்கள் உண்டு, சங்கதிகளே (ஒரே வரியை விதவிதமாகப் பாடும் முறை) மாறியிருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடாதீர்கள்.

#3 கேசட் காலம்

மணி ஐயா சொன்ன கணக்கு சரி. தொகுப்பு என்றாலே இரண்டாந்தரம் என்ற எண்ணம் இங்கே பலருக்கு இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்த் திரையிசை பிறந்ததே உதிரிப் பாட்டாகத்தான். 78 தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டு. வானொலியில் விருப்பப் பாடல். பிறகு தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர்: பட்டியல் எழுதிக் கொடுத்தால் சி-60 கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு பதிந்து கொடுப்பார்கள். மேலைநாட்டு ராக் ஆல்பத்தில் முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவே ஒரு வரிசை இருக்கிறது, அதைக் கலைத்தால் குற்றம். நம் படப்பாட்டுக்கு வரிசை கொடுத்தது திரைக்கதை, தட்டு அல்ல. ஆகவே கண்ணதாசனின் தத்துவப் பாடல்களை ஒன்றாகக் கோத்தால் அது கேட்பவருக்குச் செய்த உபகாரம்.

ஒரு தொகுப்பு நல்லதா என்று நான் பார்ப்பது கோத்தவரின் காதை. அடுத்தடுத்த பாட்டுகளின் ஒலி அளவு ஒத்துப்போகிறதா, ஒரே ராகச் சாயலில் மூன்று பாட்டு வரிசையாக வந்து சலிப்பூட்டுகிறதா, 80 நிமிட சிடியில் 18 பாட்டைத் திணிக்க முடிவுகளைத் தேய்த்துவிட்டார்களா, இவைதான்.

#4 மீட்டல்

கேசட் காலம் அண்ணா, கோர்ப்பதில் எனக்கும் மறுப்பில்லை. கோர்ப்பவர் வெட்டுவதில்தான் மறுப்பு. தொகுப்புகளில் முதலில் பலியாவது தொகையறா. பல்லவிக்கு முன் தாளமில்லாமல் வரும் அந்த இரண்டு மூன்று வரிகளை 'பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை' என்று நினைத்து அறுத்துவிடுகிறார்கள். அந்த வரிகளில்தானே ராகத்தின் முகமே தெரியும்! அடுத்தது கடைசி ஹம்மிங். ஆகவே எந்தத் தொகுப்பானாலும் முதல் 20 விநாடியும் கடைசி 20 விநாடியும் கேட்ட பிறகு வாங்குங்கள்.

இன்னொன்று, தொகுப்புகள் ஒரே நாற்பது பாட்டைத் திரும்பத் திரும்பக் கோக்கின்றன. 'நிழல்கள்' (1980) படத்துக்காக எஸ். ஜானகி பாடிய 'தூரத்தில் நான் கண்ட உன் முகம்' படத்தில் இடம்பெறவே இல்லை. இசைத்தட்டு இருந்ததால் மட்டுமே அது பிழைத்தது. படத்திலிருந்து ஒலியை உருவித் தொகுப்பவர்களுக்கு அப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரியாது. முழு ஆல்பமாக மறுவெளியீடு வேண்டும் என்று நாங்கள் கேட்பது வரிசைக்காக அல்ல, இப்படி ஓரத்தில் கிடக்கும் பாட்டுகளுக்காக.

#5 பதினாறு பிட்

சுருதிப்பெட்டி, காதை நம்புங்கள், கூடவே இந்தச் சோதனைகளையும் செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருள் போதும், இலவசம்.

சிடியிலிருந்து வேவ் (சுருக்காத) கோப்பாக எடுங்கள், எம்.பி.3 ஆக அல்ல. ஆடாசிட்டியில் திறந்து, தடத்தின் பெயரைச் சொடுக்கி ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) காட்சிக்கு மாற்றுங்கள். மேல் எல்லை 22 கிலோஹெர்ட்ஸ் வரை தெரிய வேண்டும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் அறுத்ததுபோல் நேர்கோட்டில் நின்றால், 128 கிலோபிட் எம்.பி.3-ஐ எடுத்து சிடியில் எரித்து விற்றிருக்கிறார்கள். சிடி என்ற பெயருக்காக அதற்குப் பணம் தராதீர்கள். கோடு கூர்மையாக இல்லாமல், மேலே போகப் போகத் தேய்ந்து மறைந்தால் அது பழைய பதிவின் இயல்பான எல்லை, குற்றமில்லை. இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறிப் போட்டிருந்தால் குரல் நிற்கும் இடங்களில் படம் முழுக் கறுப்பாகும், குரல் வந்ததும் புள்ளி புள்ளியாகச் சிதறும். காதுக்கு அது தண்ணீருக்கடியில் பாடுவதுபோல் இருக்கும். ஒரு தடவை நீக்கிய காற்றை எந்த மென்பொருளாலும் திரும்ப ஊத முடியாது. கொஞ்சம் இரைச்சலோடு இருக்கும் பிரதியே மேல்.

பிறகு அலைவடிவம். உச்சிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் தட்டையாக நின்றால் லிமிட்டரால் (உச்ச ஒலியை அடக்கும் கருவி) நசுக்கியிருக்கிறார்கள். மிருதங்கத்தின் தொப்பி அடியும் தபேலாவின் 'நா'வும் குரலின் மட்டத்துக்கே இறங்கிவிடும். தொண்ணூறுகளில் வந்த சிடிகள் பல, புதிய 'ரீமாஸ்டர்'களைவிட (முடிந்த பதிவை மெருகேற்றிய பதிப்புகள்) தாழ்ந்த ஒலியில் கேட்கும். ஒலி குறைவு என்று ஒதுக்காதீர்கள், பெட்டியின் குமிழைத் திருகினால் முடிந்தது. ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்து கேளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைத்தான் 'நல்ல தரம்' என்று சொல்லும்.

4:05 ஏன் மங்கல் என்றால், படத்தின் ஒளித்தடத்திலிருந்து (படச்சுருளின் ஓரத்தில் ஒலி பதிந்த கோடு) எடுத்திருப்பார்கள். அந்தக் காலத்து ஒளித்தடத்தில் சுமார் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் தேறாது. 3:55-உம் அதே இனம்தான் என்றால் அதில் 'பளிச்' கூடியதற்கு சுருதி ஏற்றம் பாதிக் காரணம், ஈக்வலைசர் மீதிப் பாதி.

#6 வடமராட்சி வானொலி

'ஸ்டீரியோ' என்று போட்ட அந்த 3:26-ஐக் கொஞ்சம் கவனியுங்கோ. அறுபதுகளின் தொடக்கத்துத் தமிழ்ப் பாட்டு மோனோ, இடம் வலம் இல்லாத ஒரே தடம். ஸ்டீரியோப் பதிவோடு வந்த முதல் தமிழ்ப் படம் என்று பேர் வாங்கினதே 'ப்ரியா' (1978) தான். அதுக்கு முந்தின பாட்டிலை இடம் வலம் பிரிஞ்சு கேட்டால் அது பிறகு செய்த வேலை. இலங்கை வானொலியிலை இந்தப் பாட்டுகள் இசைத்தட்டிலையிருந்து மத்திய அலையிலை போனது, ஒரே ஒரு ஒலிபெருக்கியிலைதான் கேட்டது. குரல் நடுவிலை நிண்டது. அதுதான் அந்தப் பாட்டின்ரை வடிவம்.

போலி ஸ்டீரியோ இரண்டு மாதிரிச் செய்வினம். ஒண்டு, ஒரு பக்கத்துக்கு மேல்சுரங்களைக் கூட்டி மற்றப் பக்கத்துக்கு அடிச்சுரங்களைக் கூட்டுறது. மற்றது, ஒரு பக்கத்தைப் பத்து முப்பது மில்லிவிநாடி பிந்த விடுறது. இரண்டையும் பிரிச்சு அறியத் தெரிஞ்சால் சரிசெய்யவும் ஏலும்.

#7 பதினாறு பிட்

வானொலி ஐயா சொன்னதைச் செய்யும் முறை: தடத்தை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றை மட்டும் இன்வெர்ட் செய்து (அலையைத் தலைகீழாக்கி), இரண்டையும் கலக்குங்கள். உண்மையான மோனோவாக இருந்தால் கிட்டத்தட்ட மௌனம், தட்டிலிருந்து எடுத்ததாக இருந்தால் கரகரப்பு மட்டும் மிஞ்சும். பாட்டே கேட்டால் போலி ஸ்டீரியோ.

சரிசெய்வது வகையைப் பொறுத்தது. மேல்சுரம் ஒரு பக்கம், அடிச்சுரம் ஒரு பக்கம் என்றால் இன்வெர்ட் செய்யாமல் இரண்டையும் கூட்டுங்கள், பாட்டு பெரும்பாலும் ஒன்றுசேர்ந்துவிடும். தாமத வகை என்றால் கூட்டவே கூடாது. கூட்டினால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்று, குரல் குழாய்க்குள்ளிருந்து வரும். அப்போது ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். எதிரொலி சேர்த்தது என்றால் வழியில்லை, வேறு பிரதி தேடுங்கள்.

#8 ஆர்மோனியம்

வேகத்தை உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. பாட்டில் வரும் அக்கார்டியன் அல்லது வைப்ரஃபோனின் 'ஏ' (A) சுரம் 440 ஹெர்ட்ஸா என்று டியூனர் செயலியில் பாருங்கள். இல்லையென்றால் வேகம் தவறு.

#9 இசைத்தட்டு மணி

ஆர்மோனியம் தம்பி, அது பாதி தூரம்தான் கொண்டுபோகும். கம்பி வாத்தியங்களைப் பாடகருக்கு ஏற்றபடி கூட்டுவார்கள். அக்கார்டியனுக்கு நிலையான சுருதி என்பது உண்மை, ஆனால் எல்லா அக்கார்டியனும் சரியாக 440-இல் இருந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. பத்து இருபது சென்ட் விலகலை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். 70 சென்ட் என்றால் மட்டும் நிச்சயமாகச் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு தடயம் மின்சார முணுமுணுப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய பதிவில் அந்த ஹம் சிறிதாவது புகுந்திருக்கும். ஆடாசிட்டியில் குரல் இல்லாத இடத்தைத் தேர்ந்து, 'சைஸ்' என்பதில் பெரிய எண்ணைக் கொடுத்து அலைவரிசைப் படம் (ப்ளாட் ஸ்பெக்ட்ரம்) வரையுங்கள். 50-க்குப் பதில் 52-ஐ ஒட்டி மேடு நின்றால் 25 சட்ட வேகம்தான். இரண்டு மேடு தெரிந்தாலும் குழம்ப வேண்டாம்: 52 பழைய பதிவின் ஹம், 50 பிறகு மாற்றிய கருவியின் ஹம். அந்தக் காலத்து மின்சாரமும் கொஞ்சம் ஏறி இறங்கும் என்பதால் இதையும் ஒற்றைச் சாட்சியாக வைக்காமல் நீளக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

வேகத்தை மாற்றும்போது 'சேஞ்ச் ஸ்பீட்' விளைவில் பெருக்கு எண் 0.96 கொடுங்கள். 'சேஞ்ச் டெம்போ'வோ 'சேஞ்ச் பிட்ச்'சோ வேண்டாம். அவை காலத்தையும் சுருதியையும் தனித்தனியாக இழுத்துக் குரலைக் கெடுக்கும்.

வேகப் பிழை நமக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் 1959-இல் வந்தது. அதன் முதல் பக்கம் பதிவான அன்று மூல இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், தட்டில் அந்த மூன்று உருப்படிகளும் சுருதி ஏறியே ஒலித்தன. கூடவே ஓடிய மாற்று இயந்திரத்தின் நாடாவை எடுத்து 1990-களின் மறுவெளியீட்டில்தான் திருத்தினார்கள். அதுவரை கூடவே சாக்ஸபோன் வாசித்துப் பழகியவர்கள் சுருதி சேராமல் தவித்தார்கள். மறுவெளியீடு என்றால் இப்படி இருக்க வேண்டும்: எங்கே பிழை, எந்த நாடாவிலிருந்து திருத்தினோம் என்று உறையிலேயே சொல்ல வேண்டும்.

#10 நாடாச்சுருள்

'மூல நாடாவிலிருந்து' என்று உறையில் பார்த்தாலே மயங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். மூல நாடா என்று மூன்று பொருளில் சொல்கிறார்கள்: பாட்டுப் பதிவன்று ஓடிய நாடா, தட்டு வெட்டுவதற்காக அதிலிருந்து எடுத்த பிரதி, வெளிநாட்டு வெளியீட்டுக்காக அதிலிருந்தும் எடுத்த பிரதி. மூன்றாம் தலைமுறைக்கு வரும்போது கழுதை தேய்ந்து கட்டெறும்பாகியிருக்கும். ஒவ்வொரு பிரதிக்கும் இரைச்சல் ஏறும், மேல்சுரம் குறையும்.

நாடா கையில் இருந்தாலும் உடனே ஓட்டக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே சுருளைப் பிடியுங்கள். ஓரளவு ஒளி ஊடுருவினால் நாடா பெரும்பாலும் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது, வெளிச்சமே வராவிட்டால் பாலியெஸ்டர். அசிடேட் கெடத் தொடங்கினால் வினிகர் வாசனை வரும், சுருங்கும், நொறுங்கும். எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த பின்பூச்சுள்ள பாலியெஸ்டர் நாடாக்களில் சில வகைகள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓட்டினால் கீச்சிடும், காந்தப் பூச்சு உரிந்து இயந்திரத் தலையில் ஒட்டிக்கொள்ளும். உரிந்தது உரிந்ததுதான். அந்த வகையைச் சுமார் 50 முதல் 55 டிகிரி செல்சியஸில், சீரான வெப்பமுள்ள அடுப்பில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து, முழுதும் ஆறவிட்டுப் பிறகு ஓட்டுவார்கள். அதிலிருந்து சில வாரங்களுக்குள் பிரதி எடுத்துவிட வேண்டும், ஈரம் திரும்ப ஏறும். வீட்டு மைக்ரோவேவில் வைப்பது நாடாவைக் கொல்வது. அசிடேட் நாடாவை எந்தச் சூட்டிலும் வைக்கக் கூடாது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் சூடாக்கினால் முதலுக்கே மோசம். சென்னையின் ஈரக் காற்றில் இத்தனை ஆண்டு குளிர்சாதனம் இல்லாமல் கிடந்த சுருள்களில் எத்தனை தேறும் என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. ஒழுங்கான மறுவெளியீடு வருவது அவற்றைக் காப்பாற்றக் கிடைக்கும் காசும்கூட.

ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் (தடங்களைத் திரும்பக் கலக்கும் மறுகலவை) வேறு. அந்தக் காலத்தில் பாடகரும் முழு வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் வாசித்து நேரே மோனோவில் பதிந்தார்கள். வயலின் தனி, குரல் தனி என்று தடங்கள் இல்லை. தடம் இல்லாததை எப்படி மறுகலவை செய்வது? இப்போது கணினி கற்றலால் ஒரே தடத்தில் கலந்திருக்கும் குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கிறார்கள். பீட்டில்ஸின் 'ரிவால்வர்' 2022 பதிப்பு அப்படி வந்ததுதான். அங்கே நல்ல நிலையில் இருந்த நான்கு தட மூல நாடாக்களைக் கொண்டு செய்தார்கள். கேசட்டிலிருந்து எடுத்த நம் பாட்டில் அதே வேலையைச் செய்தால் சுசீலாவின் 'ச', 'ஸ' எல்லாம் உலோகத்தில் தேய்ப்பதுபோல் வரும், கூட வாசித்த வயலின்கள் குரலோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

#11 கேசட் காலம்

தொண்ணூறுகளில் இந்திப் பாட்டுகளுக்கு 'ஜங்கார்' என்று டிரம்ஸ் ஏற்றி விற்ற கேசட்டுகளைவிட இது ஆபத்து. அந்த டிரம்ஸ் உறையிலேயே தெரிந்தது. இது 'மேம்படுத்தியது' என்ற பெயரில் வருகிறது.

#12 முள்முனை

புதிய எல்.பி. பற்றிய கேள்விக்கு வருகிறேன். எல்.பி. வடிவத்துக்கு நம் படப்பாட்டு கச்சிதமானது. ஐந்தாறு பாட்டு, மொத்தம் 25 நிமிடம், பக்கத்துக்கு 12 அல்லது 13. இருபது நிமிடத்தைத் தாண்டும் மேலைநாட்டுத் தட்டைவிட இதில் வரிப்பள்ளத்தை அகலமாக, உரக்க வெட்டலாம். உள்வட்டத்துக்கு நெருங்கிப் போகவும் வேண்டாம். 33⅓ சுழற்சியில் வெளி ஓரத்தில் முள்ளுக்கடியில் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, உள்ளே 6 சென்டிமீட்டர் ஆரத்தில் 21 மட்டுமே. கடைசிப் பாட்டில் 'ஸ' சிதறுவதற்கு இந்தச் சுருக்கமே காரணம். 25 நிமிடப் பாட்டுகளை மட்டுமே வெட்டியும் கடைசிப் பாட்டு சிதறினால் வெட்டியவர் மேல் குற்றம், அல்லது உங்கள் முள் தேய்ந்திருக்கிறது.

ஆனால் என்னத்தை வெட்டினார்கள் என்பதைக் கேளுங்கள். லிமிட்டரில் நசுக்கிய சிடி கோப்பையே தட்டில் வெட்டினால், அதே நசுக்கலை மூவாயிரம் ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். 180 கிராம் எடை தட்டை நெளியாமல் வைக்க உதவும், ஒலிக்கு அதுவே ஒன்றும் செய்யாது. உறையில், தட்டை வெட்டிய பொறியாளர் பெயர், நாடாவா டிஜிட்டல் கோப்பா, கோப்பு என்றால் எத்தனை பிட், எந்த ஆலையில் அச்சு, இந்த நான்கும் இருந்தால் நம்பலாம். ஒன்றுமே இல்லாமல் வண்ணத் தட்டு என்பதை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அலமாரிக்கு வாங்குங்கள்.

வந்ததும் செய்ய வேண்டியது: தட்டைச் சுழலவிட்டு முள்கையைப் பக்கவாட்டில் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இடவலமாக ஆடினால் துளை மையத்தில் இல்லை. ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 சென்டிமீட்டர் ஆரத்தில் வேகம் ஒரு சதவீதம் ஏறி ஒரு சதவீதம் இறங்கும், அதாவது இரு புறமும் 17 சென்ட். மேலைப் பாட்டில் அதைக் கவனிக்காமல் விடலாம். நாகஸ்வரமோ தம்புராவோ நீண்டு நிற்கும் இடத்தில் சகிக்காது. திருப்பிக் கொடுங்கள். அனுமதிக்கும் விலகல் 0.2 மில்லிமீட்டர்.

பழைய மோனோ இ.பி., எல்.பி. வாங்கி நீங்களே டிஜிட்டலாக்கினால், சுழல்மேசை வேகத்தை ஸ்ட்ரோப் வட்டத்தில் (சரியான வேகத்தில் கோடுகள் அசையாமல் நிற்பதாகத் தெரியும் அட்டை) சரிபாருங்கள். 50 ஹெர்ட்ஸ் விளக்கில் 33⅓-க்கு 180 கோடு, 45-க்கு 133. எல்.இ.டி. விளக்கில் பலதும் சிமிட்டாது, பழைய குண்டு பல்பு அல்லது நியான் சோதனைத் திருப்புளி வெளிச்சம் வேண்டும். மோனோத் தட்டை ஸ்டீரியோ முள்ளில் ஓட்டினால் இரண்டு பக்கத்தையும் கூட்டி மோனோவாக்குங்கள், கரகரப்பு மூன்று டெசிபல் அளவு குறையும். 78 தட்டுக்கு 65 முதல் 75 மைக்ரான் முள் தனியாக வேண்டும். எல்.பி. முள்ளை வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் பொறுக்கும். ப்ரீஆம்ப்பில் (முன்பெருக்கி) இருக்கும் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற எல்.பி.க்கான ஒலிச் சமனாக்கமும் பழைய எச்.எம்.வி. 78-களுக்குப் பொருந்தாது. மேல்சுரத்தை வீணாக வெட்டிவிடும். அடிச்சுரத் திருப்பம் 250 ஹெர்ட்ஸ், மேல்சுரம் கூட்டாமல் குறைக்காமல் தட்டை என்று வைத்துக் கேளுங்கள். தியாகராஜ பாகவதரின் குரல் மேல்ஸ்தாயியில் எப்படித் திறக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

#13 வடமராட்சி வானொலி

78 எண்டதும் ஒரு தகவல். மேலைநாடுகள் 78-ஐக் கைவிட்ட பிறகும் இந்தியாவிலை அச்சானது. பீட்டில்ஸின்ரை பாட்டுகளே கல்கத்தா டம்டம் ஆலையிலை 78 தட்டாக வந்தது, இண்டைக்கு உலகம் முழுக்கச் சேகரிப்பாளர் தேடுற சாமான். ஆகவே அறுபதுகளின்ரை தமிழ்ப் பாட்டுக்கு 78-உம் 45-உம் இரண்டுமே இருக்கலாம். 45 கிடைச்சால் அதை எடுங்கோ, வினைலிலை இரைச்சல் குறைவு.

#14 மீட்டல்

உரிமை பற்றி யாரும் பேசவில்லை. 'அறுபது வருஷம் ஆகிவிட்டது, யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம்' என்று சொல்லி விற்கிறார்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960-இல் வந்த தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் தனி உரிமை, படைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981, எனவே 2041 முடிவு வரை. விஸ்வநாதன் – ராமமூர்த்தி கூட்டாக அமைத்த மெட்டு என்றால் இருவரில் பின்னால் மறைந்தவரிலிருந்து கணக்கு. எம்.எஸ்.வி. மறைந்தது 2015, எனவே 2075 வரை. வீட்டில் டிஜிட்டலாக்கிக் கேட்பது ஒன்று, யூடியூபில் தொகுப்பாக ஏற்றுவது வேறு. கவிஞர் பெயரே போடாமல் ஏற்றுவது எந்தச் சட்டமும் இல்லாவிட்டாலும் தப்பு.

#15 சுருதிப்பெட்டி

எல்லாரும் சொன்னபடி சோதித்தேன். 3:55-இல் 52-ஐ ஒட்டி மேடு, 50-இல் சிறிய மேடு. 0.96 கொடுத்ததும் 4:05-இன் அலைவடிவத்தோடு கடைசி வரை பொருந்துகிறது. 3:26-இல் இன்வெர்ட் செய்து கலந்தால் பாட்டு அப்படியே கேட்கிறது. கூட்டினால் குழாய்ச் சத்தம். இடப்பக்கம் மட்டும் வைத்தபோது குரல் நடுவில் வந்து நின்றது, ஸ்பெக்ட்ரோகிராம் 11 கிலோஹெர்ட்ஸ் வரை போய்த் தேய்கிறது. படவடிவில் மூன்றாவது சரணம் இருக்கிறது, தட்டில் இல்லை. இடையிசையில் புல்லாங்குழலும் வேறு மாதிரிப் போகிறது. இவற்றை எந்தப் பெயரில் சேமிப்பது?

#16 இசைத்தட்டு மணி

நல்ல வேலை. புல்லாங்குழல் மாறுகிறது என்றால் வெட்டல்ல, இரண்டு தனிப் பதிவு. இரண்டையும் வையுங்கள். 3:55-ஐத் தூக்கிவிடலாம், 4:05 இருக்கும்போது அது தேவையில்லை.

ஃப்ளாக்கில் (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை) சேமியுங்கள். கோப்புப் பெயரில் படம், படம் வந்த ஆண்டு, பாட்டின் முதல் வரி, 'தட்டு' அல்லது 'படம்' என்ற சொல். கோப்போடு சேரும் விவரங்களில் (டேக்) ஆண்டு என்ற புலத்தில் தொகுப்பு வந்த ஆண்டைப் போடாதீர்கள். ஸ்ட்ரீமிங் தளங்களில் 1962 பாட்டு 2009 என்று நிற்பது இந்தத் தவறால்தான். கலைஞர் புலத்தில் பாடகர், இசையமைப்பாளர் புலத்தில் இசையமைப்பாளர், கவிஞருக்குத் தனிப் புலம். ஒரே படத்தில் நாலு கவிஞர் எழுதியிருப்பார்கள். வைரமுத்துவின் முதல் திரைப்பாட்டு 'நிழல்கள்' படத்தில் வந்தது என்பதைப் பாட்டுவாரியாகக் குறித்தால்தான் தேடி எடுக்க முடியும். குறிப்புப் புலத்தில் எந்த சிடி, அதன் பட்டியல் எண், என்ன மாற்றம் செய்தீர்கள் ('இடத்தடம் மட்டும்') என்று எழுதுங்கள். மாற்றாத மூலக் கோப்பையும் வேறொரு வட்டில் வையுங்கள்.

#17 கேசட் காலம்

வீட்டில் பெரியவர்களுக்கு என்றால் இத்தனை பாடு வேண்டாம். சரிகம நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த, பழைய பாட்டுகள் ஏற்றிய கார்வான் பெட்டி மாதிரி, குமிழைத் திருப்பினால் பாடும் ஒன்று போதும். தொகுப்பு என்பதன் உண்மையான பயன் அங்கேதான்.

#18 மீட்டல்

அதற்கு நானும் கை தூக்குகிறேன் அண்ணா. சுருதிப்பெட்டி, அந்தப் பாட்டுக்கு தொகையறா உண்டா? தட்டு வடிவில் முதல் விநாடியிலேயே பல்லவி தொடங்கினால், இ.பி.யின் பழைய பிரதி ஒன்றைத் தேடிப் பார்ப்பது நல்லது. சிடிக்கு மாற்றியவர் வெட்டியிருக்கலாம்.

#19 சுருதிப்பெட்டி

படவடிவில் 22 விநாடி தொகையறா இருக்கிறது அக்கா. தட்டு வடிவில் இல்லை. இ.பி. தேடத் தொடங்குகிறேன்.